அப்பாவின் சுத்துக் கணக்கு

அப்பா எழுதி வைத்த ஏழு நோட்டுகள் என் பீரோவில் இருக்கின்றன. மளிகைக்கடைக்காரர்கள் பேரேடு எழுத வாங்குவார்களே, அந்த நீள நோட்டுகள். பக்கத்துக்குப் பக்கம் வார்னிஷ் கறை. சில இடங்களில் அவருடைய கட்டைவிரல் ரேகை பழுப்பு நிறத்தில் அப்படியே ஒட்டிக் காய்ந்திருக்கிறது. முதல் நோட்டின் முதல் பக்கம் 1976 தை மாதத்தில் எழுதியது. தோட்டத்துக்காரர் பெயர், அதற்குக் கீழே: "5 எச்பி, 24 ஸ்லாட், 2 போல், 20 கேஜ், 62 சுத்து, 12 காயில்." அதற்கும் கீழே பொடி எழுத்தில்: "கிணறு 65 அடி. தண்ணி 30ல்."

எரிந்த மோட்டாருக்குக் காயில், அதாவது செம்புக் கம்பிச் சுருள், கட்டுகிறவருக்குக் கிணற்றின் ஆழம் எதற்கு என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். எத்தனை அடியிலிருந்து தண்ணீர் ஏறி வருகிறது என்று தெரியாமல் மோட்டாரைக் குற்றம் சொல்லக் கூடாது என்றார். ஒரே தோட்டத்து மோட்டார் வருடத்துக்கு இரண்டு முறை எரிந்தால் கோளாறு காயிலில் இருக்காது, கிணற்றில் இருக்கும். அதனால் மோட்டாரைக் கழற்றப் போகும்போதெல்லாம் ஒரு கயிற்றில் கல்லைக் கட்டிக் கிணற்றுக்குள் விட்டு அளந்துவிட்டு வருவார். அது அவருக்கு வேலையில் ஒரு பகுதி. அந்த அளவுக்கு யாரும் கூலி கொடுத்ததில்லை, அவரும் கேட்டதில்லை.

எங்கள் ஊர் பல்லடத்துக்குக் கிழக்கே, காங்கயம் போகும் வழியில் உள்ளே தள்ளி இருக்கிறது. அப்பா அங்கே பம்புசெட் மோட்டார்களுக்குக் காயில் கட்டுகிறவராக நாற்பத்து மூன்று வருடம் இருந்தார். கடை என்றால் தகரக் கூரை போட்ட ஒற்றை அறை, முன்னால் ஒரு வேப்பமரம், மரத்தடியில் எரிந்துபோன மோட்டார்கள் வரிசையாக. பெயர்ப் பலகை கடைசிவரை கிடையாது. "வேப்பமரத்து மோட்டார் கடை" என்றால் பத்து மைல் சுற்றளவில் தெரியும்.

அவர் இந்தத் தொழிலுக்கு வந்த கதையை அப்பாருவில், அதாவது அப்பாவின் அப்பாவில் இருந்துதான் சொல்ல வேண்டும். அப்பாரு கவலை ஓட்டியவர். மின்சாரம் வருவதற்கு முன்னால் கொங்கு நாட்டுத் தோட்டங்களில் தண்ணீர் இறைத்தது கவலைதான். கிணற்று மேட்டில் இரண்டு எருதுகள், வடக்கயிறு, சால், சாலின் அடியில் தோலில் தைத்த தும்பி. எருதுகள் சரிவில் இறங்கினால் சால் மேலே வரும், பின்னுக்கு ஏறினால் சால் கீழே போகும். விடிவதற்கு முன்பே ஆரம்பித்து வெயில் ஏறும்வரை அப்பாரு அந்தச் சரிவில் முன்னும் பின்னும் நடந்துகொண்டே இருப்பாராம். சொந்த நிலம் கிடையாது. இன்னொருவர் தோட்டத்தில் ஆள்காரர்.

பைக்காராவில் நீர்மின் நிலையம் வந்தது 1930களில். கோயம்புத்தூர் நகரத்து மில்கள் அதில்தான் பெருகின. எங்கள் பக்கத்துத் தோட்டங்களுக்குக் கம்பி வந்து சேர அதற்கப்புறம் முப்பது வருடம் ஆனது. அப்பாரு வேலை பார்த்த தோட்டத்துக்கு மோட்டார் வந்த அன்றைக்கு அப்பாவுக்குப் பத்து வயது இருக்கும். கிணற்று மேட்டில் ஊரே கூடி நின்றதாம். ஸ்விட்சைப் போட்டதும் பைப்பு ஒருமுறை இருமி, கொஞ்சம் காற்றைத் துப்பி, அப்புறம் தொட்டி நிறையத் தண்ணீரைக் கொட்டியதாம். "எருது இல்ல, ஆளு இல்ல, தண்ணி மட்டும் வந்துட்டே இருந்துச்சு சாமி" என்று அப்பா சொல்லும்போது அறுபது வயதிலும் அந்தப் பையனின் முகம் வந்துவிடும். அடுத்த மாதம் கவலை எருதுகளைக் கண்ணபுரம் மாட்டுச் சந்தையில் விற்றார்கள். அப்பாருவுக்குக் கவலை வேலை போயிற்று. களை வெட்டவும் வரப்பு கட்டவும் கூப்பிட்டால் போனார்.

அப்பாரு அந்த மோட்டாரைத் திட்டி ஒரு வார்த்தை பேசியதில்லையாம். "அதுக்கும் ஒருநாள் சீக்கு வரும். அப்ப வைத்தியம் பாக்க ஆள் வேணுமில்ல" என்று மட்டும் சொன்னாராம். 1969-ல் அப்பா பதினாறு வயதில் கோயம்புத்தூருக்குப் பஸ் ஏறினார்.

கோயம்புத்தூரை அப்போதே மோட்டார் ஊர் என்று சொல்லலாம். 1937-லேயே ஜி.டி. நாயுடு, டி. பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து இந்தியாவின் முதல் உள்நாட்டு மின்மோட்டாரைத் தயாரித்த ஊர் அது. அந்த வழியில் பீளமேடு, கணபதி பக்கமெல்லாம் வார்ப்படப் பட்டறையும் பம்புக் கம்பெனியுமாகப் பெருகியிருந்தது. கிராமத்திலிருந்து போன பையன்களுக்கு எடுபிடி வேலை எளிதாகக் கிடைத்தது. அப்பாவுக்கு முதல் ஆறு மாதம் மூங்கில் சீவுகிற வேலை மட்டும். ஸ்லாட் என்றால் மோட்டாரின் உள்பக்கத்தில் இருக்கிற காடி. அதற்குள் கம்பியை அடுக்கிய பிறகு அது வெளியே வராமல் மேலே ஒரு மூங்கில் ஆப்பைச் செருகுவார்கள். அதை ஒரே தடிமனில், பிசிறு இல்லாமல் சீவ வேண்டும். பிசிறு இருந்தால் கம்பியின் எனாமலைக் கீறிவிடும். கீறல் விழுந்த இடத்தில்தான் என்றைக்காவது ஒருநாள் மோட்டார் எரியும். அப்பாவின் இடது கைச் சுட்டுவிரலில் இருந்த தழும்பு அந்த ஆறு மாதத்துச் சம்பாத்தியம்.

அவர் போய்ச் சேர்ந்த மறுவருடம், 1970 ஜூன் மாதம், மின்கட்டணத்தில் யூனிட்டுக்கு ஒரு பைசா குறைக்கச் சொல்லி விவசாயிகள் போராடினார்கள். பெருமாநல்லூரில் போலீஸ் சுட்டு மூன்று விவசாயிகள் செத்துப்போனார்கள். பட்டறையில் செய்தி தெரிந்ததும் வயதான மேஸ்திரி ஒருவர் கையிலிருந்த சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய் நின்றுகொண்டாராம். மோட்டார் என்பது வெறும் இரும்பும் செம்பும் இல்லை, அதில் ஒரு பைசாவுக்கு உயிரைக் கொடுக்கிறவர்களின் வயிறு சேர்ந்திருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது என்பார் அப்பா. அந்தப் பக்கம் பஸ்ஸில் போகும்போதெல்லாம் பேச்சை நிறுத்திவிட்டு ஜன்னல் வழியே பார்ப்பார்.

ஏழு வருடம் கற்றுக்கொண்டு 1976-ல் ஊருக்குத் திரும்பிக் கடை போட்டார். 1979-ல் கல்யாணம். நான் 1982, தம்பி 1985.

காயில் கட்டுவதை நான் பக்கத்தில் இருந்து பார்த்தவள். பார்த்தவள் என்றுகூடச் சொல்லக் கூடாது, எண்ணியவள். ஏழெட்டு வயதிலிருந்தே ராத்திரி வேலைக்கு எண்ணிக்கை சொல்ல நான்தான் வேண்டும். எரிந்த மோட்டார் வந்ததும் அவசரப்பட்டு வெட்ட மாட்டார். முதலில் மூக்கை வைத்து முகர்வார். ஒரு பக்கம் மட்டும் கருகியிருக்கிறதா, எல்லாம் சேர்ந்து கருகியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்ப்பார். ஒரே சீராக இரண்டு கட்டு மட்டும் வெந்திருந்தால் ஒரு ஃபேஸ் போய் மோட்டார் தடுமாறி ஓடியிருக்கிறது என்று அர்த்தம். எந்தக் கம்பி எந்த ஸ்லாட்டிலிருந்து கிளம்பி எங்கே போகிறது என்று நோட்டில் படம் போடுவார். அதற்கப்புறம்தான் ஒரு காயிலை முழுசாக வெளியே எடுத்து என் மடியில் வைப்பார். "எண்ணு சாமி. சத்தமா எண்ணு." வெந்து ஒட்டிப்போன கம்பிகளை ஒவ்வொன்றாகப் பிரித்து நான் எண்ண வேண்டும். அறுபத்திரண்டு என்றால் அவர் அடுத்த காயிலை எண்ணுவார். இரண்டும் ஒத்து வந்தால் எழுதுவார். வராவிட்டால் மூன்றாவதையும் எண்ணச் சொல்வார். என் கணக்கு தப்பாக இருந்த நாட்களில் திட்டியதில்லை. மறுபடியும் எண்ணச் சொல்வார், அவ்வளவுதான்.

ஒரு காயிலில் இரண்டு சுத்துக் குறைத்துக் கட்டினால் யாருக்கும் தெரியாது. மோட்டார் ஓடும், தண்ணீர் கொட்டும். ஆனால் சூடு கொஞ்சம் கூடும். ஆறு மாதத்தில் எரிய வேண்டியது மூன்று மாதத்தில் எரியும். கட்டுகிறவருக்கு அது லாபம், கம்பியும் மிச்சம், வேலையும் சீக்கிரம் திரும்பி வரும். இப்படிச் செய்கிறவர்களும் இருந்தார்கள். அப்பா எரிந்த கம்பியைத் தோட்டத்துக்காரர் கண் முன்னாலேயே தராசில் போட்டு எடையைச் சொல்வார். புதுக் கம்பியையும் அதே தராசில் போட்டுக் காட்டிவிட்டுத்தான் சுற்ற ஆரம்பிப்பார். பழைய செம்பு வேண்டுமா, கழித்துக்கொள்ளட்டுமா என்று கேட்பார். சிலர் "நீங்களே பாத்துக்குங்க" என்று கிளம்பினால், "இருங்க, எடையப் பாத்துட்டுப் போங்க" என்று நிறுத்துவார்.

சுற்றி முடித்து ஸ்லாட்டுக்குள் இறக்கும்போது பேச மாட்டார். தாளை மடித்து உள்ளே வைத்து, கம்பியை நாலைந்தாக விட்டு, மூங்கில் கத்தியால் நீவி நீவி அமுக்குவார். பஞ்சு அடைக்கிற மாதிரி மெதுவாக இருக்கும். எல்லாம் முடிந்து பருத்தி டேப் சுற்றி, வார்னிஷ் ஊற்றி, பழைய எண்ணெய் டிரம்மை அறுத்துச் செய்த பெட்டிக்குள் இறக்கி இருநூறு வாட் பல்பு மூன்றைப் போட்டுவிடுவார். அந்த வாசனைதான் எங்கள் வீட்டு வாசனை. மண்ணெண்ணெயில் கை கழுவி, அப்புறம் சோப்புப் போட்டுக் கழுவி வந்து சோற்றில் கை வைத்தாலும் வார்னிஷ் வாசம் மீதி இருக்கும். ஹாஸ்டலில் தங்கிப் படித்த காலத்தில், பக்கத்தில் எங்காவது புது நாற்காலிக்கு வார்னிஷ் அடித்தால் எனக்கு அழுகை வரும்.

அம்மா தறி குடோனுக்குப் போவாள். எங்கள் பக்கம் விசைத்தறி இல்லாத ஊர் கிடையாது. அம்மாவுக்குத் தார் சுற்றுகிற வேலை, அதாவது நாடாவுக்குள் போடுகிற குச்சியில் ஊடை நூலைச் சுற்றுவது. காலை ஏழு மணிக்கு அங்கே இருக்க வேண்டும். அதனால் பள்ளிக்கூடம் போகும்போது எனக்குச் சடை பின்னிவிட்டது அப்பாதான். மூன்று கால் முடியும் ஒரே கனத்தில் பிரித்து, ஒரே இறுக்கத்தில் பின்னுவார். சாயங்காலம்வரை ஒரு முடி கலையாது. வகுப்பில் மற்ற பிள்ளைகள் எங்கள் அம்மாவிடம் வந்து பின்னிவிடச் சொல்லிக் கேட்டார்கள். அம்மா சிரித்துக்கொண்டே அப்பாவைக் காட்டினாள். வெள்ளிக்கிழமை காலையில் எங்கள் திண்ணையில் நாலு பெண்பிள்ளைகள் ரிப்பனோடு வரிசையாக உட்கார்ந்திருந்தது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது.

அப்பாவுக்கு நாள் கிழமை கிடையாது. பயிர் காயும்போது மோட்டார் நின்றால் தோட்டத்துக்காரர் பாதி ராத்திரியில் வந்து வாசலில் நிற்பார். "ஏனுங்க, எந்திரிங்க. மக்காச்சோளம் பூட்டை வாங்குற நேரமுங்க. நாளைக்குத் தண்ணி கட்டலீன்னா போச்சுங்க." அப்பா சட்டையைத் தேடிக்கொண்டே "வந்தனுங்க" என்பார். டிவிஎஸ் ஃபிஃப்டி இட்டேரிக்குள் தூரமாகப் போகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே தூங்கிப்போவோம். ஒரு தீபாவளிக்கு ஒரம்பரை எல்லாம் வந்து உட்கார்ந்திருக்கையில் அவர் எண்பதடிக் கிணற்றுக்குள் ஃபுட் வால்வை மாற்றிக்கொண்டிருந்தார். அம்மாவுக்குக் கோபம் வந்தது, எனக்கும் வந்தது. அந்தக் கோபத்தை நான் இப்போதும் தப்பு என்று சொல்ல மாட்டேன். பண்டிகைக்கு அப்பா வேண்டும் என்று பிள்ளைகள் நினைப்பது நியாயம்தான். மத்தியானம் மூன்று மணிக்குச் சேறும் பாசியுமாக வந்து குளித்துவிட்டு, எங்களுக்கு வாங்கி வைத்திருந்த மத்தாப்பைப் பகலிலேயே கொளுத்திக் காட்டினார். ராத்திரிக்கு மறுபடியும் அந்தக் கிணற்றைப் பார்க்கப் போக வேண்டுமாம்.

1984-ல் சிறு விவசாயிகளுக்கு மின்சாரம் இலவசமானது. 1990-ல் எல்லா விவசாயிகளுக்கும். அப்பா அதைச் சந்தோஷமாக வரவேற்றார். பெருமாநல்லூரை மனதில் வைத்திருந்தவர் வேறெப்படி இருப்பார்? அது வராமல் இருந்தால் எங்கள் ஊரில் பாதிப்பேர் அன்றைக்கே காட்டை விற்றுவிட்டுத் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போயிருப்பார்கள். அதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் நோட்டில் அடுத்து நடந்தது எழுதியிருக்கிறது. மூன்று எச்பி இருந்த இடத்தில் ஐந்து வருகிறது, ஐந்து இருந்த இடத்தில் ஏழரை வருகிறது. கிணற்றுக்குள்ளேயே போர் போடுகிறார்கள். அப்புறம் கிணற்றை விட்டுவிட்டு வெளியே போர் போடுகிறார்கள். கரண்ட் எப்போது வந்தாலும் தானாக ஓடட்டும் என்று ஆட்டோ ஸ்டார்ட்டர் வைக்கிறார்கள். மும்முனை மின்சாரம் பகலில் ஆறு மணி நேரம், ராத்திரி மூன்று மணி நேரம் என்று ஆன காலத்தில், மிச்ச நேரத்தில் இரண்டு ஃபேஸிலேயே ஓட்டக் கன்டென்சர் மாட்டினார்கள். மோட்டார்கள் வெந்து வெந்து வந்தன. வேப்பமரத்தடியில் இடம் இல்லை. எங்கள் வீட்டுக்குக் காரை பூசியதும், நான் காலேஜுக்குப் போனதும் அந்த வருமானத்தில்தான். அப்பாவுக்கு அது தெரியும். தெரிந்தும், நிறைய வேலை வந்த நாட்களில் அவர் முகத்தில் சந்தோஷம் இருந்ததில்லை.

ஒருமுறை நான் ஊருக்குப் போயிருந்தபோது எல்லா நோட்டையும் கட்டிலில் பரப்பி, ஒரே ஒரு தோட்டத்தின் பக்கங்களை மட்டும் எடுத்து வாசித்துக் காட்டினார். 1976-ல் தண்ணி 30 அடியில். 1983-ல் 52. 1988-ல் "கிணறு வெட்டி 90 ஆக்கியது. தண்ணி 80ல்." 1993-ல் "போர் 250." 1998-ல் "போர் 480." 2004-ல் "புது போர் 720." 2013-ல் "1,050. ஒண்ணரை இஞ்சு." தொட்டி நிறையக் கொட்டிய தண்ணீர் ஒன்றரை அங்குலக் குழாயில் வந்து நின்றுவிட்டது. இடையில் சில வருடங்களில் மட்டும் அளவு மேலே ஏறியிருக்கும். அதெல்லாம் பிஏபி என்கிற பரம்பிக்குளம் ஆழியாறு பாசன வாய்க்காலில் எங்கள் மண்டலத்துக்கு முறை வந்து தண்ணீர் விட்ட வருடங்கள். வாய்க்கால் ஓடினால் சுற்றுவட்டாரக் கிணறெல்லாம் ஊறும். அந்த வரிகளை மட்டும் அப்பா பச்சை மையில் எழுதியிருந்தார்.

போர் வந்தபிறகு அவர் தொழிலும் மாறிற்று. சப்மெர்சிபிள் மோட்டார் தண்ணீருக்குள்ளேயே கிடந்து ஓடுவது. அதன் காயிலை மூங்கில் கத்தியால் அமுக்கி இறக்க முடியாது. பிளாஸ்டிக் உறை போட்ட கம்பியை ஸ்லாட்டின் ஒரு முனையில் விட்டு மறுமுனையில் இழுத்து, திருப்பி விட்டு, மறுபடி இழுத்து, ஒவ்வொரு சுத்தாகக் கோக்க வேண்டும். பூக்கட்டுவதைவிடப் பொறுமை வேண்டும். உறையில் ஊசி முனை அளவு கீறல் விழுந்தாலும் தண்ணீர் புகுந்துவிடும். நாற்பத்தைந்து வயதில் அதைப் புதிதாகக் கற்றுக்கொண்டார். கட்டி முடித்ததும் தண்ணீர் நிறைந்த டிரம்முக்குள் ராத்திரி முழுக்க முக்கி வைத்து, காலையில் மின்கசிவு இருக்கிறதா என்று காட்டுகிற மெக்கர் வைத்துச் சோதிப்பார். முள் கீழே இறங்கினால் மொத்தத்தையும் பிரித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பார். நாள் முழுக்கச் செய்த வேலையைப் பிரிக்கும்போது எனக்குத்தான் மனம் ஆறாது. அவர் டீ குடித்துவிட்டு உட்கார்ந்துவிடுவார்.

1998-ல்தான் அந்தச் சம்பவம். மேலே சொன்ன 480 அடிப் போர். இருபதடிப் பைப்பு இருபத்து நாலு. முக்காலி நட்டு, சங்கிலி பிளாக் மாட்டி, ஒவ்வொரு பைப்பாக மேலே தூக்கி, கிளாம்ப் போட்டுக் கழற்ற வேண்டும். பதின்மூன்று வெளியே வந்தாயிற்று. பதினாலாவதைத் தூக்கும்போது கப்ளிங்கில் துருப்பிடித்திருந்த மரை உரிந்து, மீதிப் பதினோரு பைப்பும் மோட்டாரும் உள்ளே போய்விட்டன. சத்தம் ரொம்ப நேரம் கழித்துத்தான் கேட்டதாம்.

தோட்டத்துக்காரர் நல்ல மனுசர். "பழைய பைப்புங்க, அதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க" என்றார். அப்பா கேட்கவில்லை. "மரையப் பாக்காம சங்கிலிய மாட்டுனது நானுங்க" என்றார். மறுநாள் கோயம்புத்தூர் போய், பைப்பின் வாய்க்குள் இறங்கிக் கடித்துப் பிடிக்கிற மாதிரி ஒரு கூம்பு மரையை லேத்தில் கடைந்து வாங்கி வந்தார். அதை இன்னொரு பைப்பு வரிசையின் முனையில் மாட்டி உள்ளே இறக்கி, கண்ணுக்குத் தெரியாத ஆழத்தில் இன்னொரு குழாயின் வாயைத் தேடினார். இரண்டு நாள் கிடைக்கவில்லை. நானும் தம்பியும் தூக்குப்போசியில் சோறு கொண்டுபோனோம். பைப்பின் மேல்முனையைக் கையால் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி நின்றிருந்தார். நாடி பார்க்கிற மாதிரி இருந்தது. கீழே இரும்பு இரும்பை உரசுவது கையில் தெரியுமாம். மூன்றாம் நாள் மத்தியானம் "சிக்கிருச்சு" என்றார், அவ்வளவு மெதுவாக. பொழுதோடு எல்லாம் மேலே வந்துவிட்டது. ஆனால் மோட்டாரின் உடம்பு விரிசல் விட்டிருந்தது. புது மோட்டார் வாங்கிக் கொடுத்தார். அந்தப் பணம் அம்மா தறிக்குப் போய்ச் சேர்த்த சீட்டுப் பணம், எனக்குக் கம்மல் எடுக்க வைத்திருந்தது.

அம்மா இரண்டு நாள் அப்பாவோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அவர் சாப்பிட உட்கார்ந்தபோது வட்டிலில் சோற்றைப் போட்டுக்கொண்டே, "இனிமேலாச்சும் மரையப் பாருங்க" என்றாள். அன்றைக்கு எழுதிய பக்கத்திலிருந்து நோட்டில் ஒரு புதுப் பத்தி இருக்கிறது. "மரை" என்று தலைப்புப் போட்டு, பார்த்தாயிற்று என்பதற்கு ஒரு சுழி. அதற்கப்புறம் இருபத்தொரு வருடத்துக்கு அந்தச் சுழி ஒரு பக்கத்திலும் விடுபடவில்லை. நான் எல்லாப் பக்கங்களையும் பார்த்துவிட்டேன்.

2016-ல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. அடுத்த ஜனவரியில் தமிழ்நாடு முழுவதையும் வறட்சி மாநிலமாக அறிவித்தார்கள். எங்கள் பக்கத்தில் தென்னைகள் குருத்து சாய்ந்து மொட்டையாக நின்றன. முப்பது வருடத்து மரங்கள். டேங்கர் லாரியில் தண்ணீர் வாங்கி மரத்துக்கு ஊற்றினார்கள். ஆயிரத்து இருநூறு அடி போட்டும் புழுதி மட்டும் வந்த போர்களை அந்த வருடத்து நோட்டில் அப்பா பெருக்கல் குறி போட்டு எழுதியிருக்கிறார். ஒரு பக்கத்தில் ஒன்பது பெருக்கல் குறி.

அந்த நேரத்தில் ஒருத்தர் நகையை அடகு வைத்துக் காசோடு வந்தார். பதினைந்து எச்பி மோட்டார் போட்டு இன்னும் கீழே இறக்கித் தர வேண்டும் என்றார். அப்பா அவரை வேப்பமரத்தடியில் உட்கார வைத்து, அவர் தோட்டத்துப் பக்கங்களை வரிசையாக வாசித்துக் காட்டினார். "தண்ணி இல்லாத எடத்துல மோட்டாரு என்னங்க பண்ணும்? இந்தக் காசக் கொண்டுபோய் நகையத் திருப்பிருங்க" என்றார். அவருக்குக் கோபம். "தொழில் பண்றவரு பேசுற பேச்சா இது?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனார். வேறு யாரிடமோ போய் மோட்டாரை இறக்கினார். அது இருபது நாள் ஓடியது. அப்பா அதைப் பற்றி அப்புறம் யாரிடமும் பேசவில்லை. நோட்டில் தேதி மட்டும் இருக்கிறது.

தம்பிக்குக் கடையில் மனம் ஒட்டவில்லை. திருப்பூரில் பனியன் கம்பெனியில் சூப்பர்வைசராக இருக்கிறான். அதில் அப்பாவுக்கு வருத்தம் இருந்திருக்கலாம், காட்டிக்கொள்ளவில்லை. பன்னிரண்டு வயதில் டீ வாங்கிக் கொடுக்க வந்து ஒட்டிக்கொண்ட பக்கத்து ஊர்ப் பையன் ஒருவன் தொழிலைக் கற்றுக்கொண்டான். அவனுக்கும் முதல் ஆறு மாதம் மூங்கில்தான்.

எனக்கு அவர் கற்றுக்கொடுத்தது இரண்டு. ஒன்று எண்ணுவது. இன்னொன்று கேட்பது. ஓடுகிற மோட்டாரின் பேரிங் மேல் நீள ஸ்க்ரூடிரைவரின் முனையை வைத்து, பிடியைக் காதுக்குப் பின்னால் இருக்கிற எலும்பில் அழுத்திக்கொள்ள வேண்டும். வெளியே கேட்காத சத்தமெல்லாம் மண்டைக்குள் கேட்கும். நல்ல பேரிங் என்றால் தூரத்தில் மழை வருகிற மாதிரி ஒரே சீரான இரைச்சல். குண்டு தேய்ந்திருந்தால் அரிசியில் கல் இருப்பது மாதிரி இடையிடையே ஒரு நறுக். கிரீஸ் வற்றியிருந்தால் காய்ந்த சருகை மிதிக்கிற சத்தம். "கண்ணுக்குத் தெரியறதுக்கு முன்னால காதுக்குத் தெரிஞ்சிரும் சாமி" என்பார். பள்ளிக்கூட லீவு நாட்களில் டிவிஎஸ் ஃபிஃப்டியின் முன்னால் நிற்க வைத்துக் கூட்டிக்கொண்டுபோய், தோட்டம் தோட்டமாக என் காதில் ஸ்க்ரூடிரைவரை வைத்துவிட்டு, "என்ன சொல்லுது?" என்று கேட்பார்.

2019 ஆவணியில் ஒரு புதன்கிழமை காலை. ஏழரை எச்பி மோனோபிளாக் ஒன்றைப் பிரித்து, கருகிய காயிலை எண்ணி, நோட்டில் எழுதி, கேஜும் சுத்தும் குறித்து முடித்திருக்கிறார். பையனிடம் டீ சொல்லிவிட்டு வேப்பமரத்தடிக் கல்லில் உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே முடிந்துவிட்டது. அறுபத்தாறு வயது. மயானத்துக்கு எடுத்துப்போனபோது எனக்குத் தெரியாத முகங்கள்தான் நிறைய. சுற்றுவட்டாரத் தோட்டத்துக்காரர்கள் ஈர வேட்டியும் சேற்றுக் காலுமாகத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்த இடத்திலிருந்து நேராக வந்திருந்தார்கள்.

ஏழாவது நோட்டின் கடைசிப் பக்கத்தில் அந்த மோட்டார் இருக்கிறது. "பிரித்தது" என்பதற்கு நேராக அப்பாவின் கையெழுத்தில் தேதி. "கட்டியது" என்பதற்கு நேராகப் பதினாறு நாள் கழித்து ஒரு தேதி, கோணல் எழுத்தில். பையன் காரியமெல்லாம் முடிந்தபிறகு வந்து, அப்பா எழுதிவைத்த கணக்கைப் பார்த்து அதே சுத்தில் கட்டிக் கொடுத்தான். அப்புறம்தான் நோட்டுகளை என்னிடம் கொண்டுவந்து தந்தான். அதிலிருந்து ஏதாவது கணக்கு வேண்டுமென்றால் எனக்குப் போன் பண்ணுவான். பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்தாலும் வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக எடுத்து வாசித்துச் சொல்வேன்.

போன பங்குனியில் ஒரு கல்யாணத்துக்கு ஊருக்குப் போயிருந்தேன். திரும்பும்போது அந்தக் கடைசி மோட்டார் இருக்கிற தோட்டத்து வழியாக வந்தேன். வாய்க்காலில் தண்ணீர் விட்டிருந்த சமயம். கிணறு பாதிக்கு மேல் நிரம்பியிருந்தது. மோட்டார் ரூமுக்குள் சத்தம் கேட்டது. தோட்டத்துக்காரருக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும், என்னை அடையாளம் கண்டுகொண்டார். "வாங்க அம்மிணி, அப்பா எண்ணிவெச்ச மோட்டாருங்க அது. இன்னும் ஒருக்காகூட எரியலீங்க" என்றார். உள்ளே போனேன். ஸ்டார்ட்டர் பெட்டிமேல் ஒரு நீள ஸ்க்ரூடிரைவர் இருந்தது. எடுத்து முனையைப் பின்பக்கத்தில் வைத்து, பிடியைக் காதுக்குப் பின்னால் அழுத்திக்கொண்டு நின்றேன்.

அவர் கதவோரத்தில் நின்றுகொண்டு, "எப்படி இருக்குதுங்க அம்மிணி?" என்று கேட்டார்.

"காயில் நல்லா இருக்குதுங்க. பின்பக்கத்துப் பேரிங்குதான் சருகு மிதிக்கிற மாதிரி சத்தம் போடுது. பையனை வரச்சொல்லிக் கிரீஸ் வெக்கச் சொல்லுங்க" என்றேன்.